எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள்

இன்று பல வேலைகள் செல்போனிலேயே நடக்கின்றன. ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். மின்கட்டணம் கட்டலாம். ரயில் டிக்கெட் எடுக்கலாம். இவற்றுக்கெல்லாம் இணையதளங்கள் உள்ளன.

ஆனால் சில இணையதளங்களில் எழுத்து கடுகு போல இருக்கிறது. "நமக்குப் படிக்க வரவில்லையே" என்று பலர் போனை அடுத்தவரிடம் நீட்டிவிடுகிறார்கள். வெட்கப்பட வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்தில் உள்ள பொடி எழுத்து மங்கத் தொடங்கும். நன்கு படித்தவருக்கும் அப்படித்தான்.

பொடி எழுத்தால் என்ன நட்டம்? 'கொடு', 'கோடு' இரண்டும் ஒரு சிறு சுழியில்தான் வேறுபடுகின்றன. 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தோன்றும். கடன் தரும் இணையதளத்தில் வட்டி விவரம் பொடி எழுத்தில் இருக்கலாம். அதைப் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தினால், பிறகு வருந்த நேரிடும்.

எழுத்தின் அளவையும் நிறத்தையும் இணையதளத்தை அமைப்பவரே முடிவு செய்கிறார். வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து சரியாகத் தெரியாது. வரிகள் நெருங்கி இருந்தால் கண் வரி மாறிவிடும்.

இதற்கு உலக அளவில் விதிகள் உண்டு. 2008-இல் வந்த விதிகளில் ஒன்று இது: எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் எந்தச் செய்தியும் மறையக் கூடாது. நம் மத்திய அரசும் 2009-இல் அரசு இணையதளங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

1. இரண்டு விரல்களைத் திரையில் சேர்த்து வையுங்கள். பிறகு விரல்களை விலக்குங்கள். பெரும்பாலான பக்கங்களில் எழுத்து பெரிதாகும்.

2. பல அரசு இணையதளங்களின் மேல் பகுதியில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதன் பக்கத்தில் கூட்டல் குறி (+) இருந்தால், அதை அழுத்துங்கள்.

3. போனில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போங்கள். அங்கே எழுத்தின் அளவைக் கூட்டலாம்.

பெரிதாக்கியும் தெரியவில்லையா? நம்பிக்கையான ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முழுவதும் கேளுங்கள். புரிந்த பிறகே 'சம்மதம்' என்பதை அழுத்துங்கள்.

கூடிப் பேசுங்கள்: நீங்கள் பார்த்த இணையதளங்களில் எது படிக்க எளிது? எது கடினம்? ஏன்?