ஐப்பசி இடியைத் தாங்கும் டிவி கணினி

டிவியோடு ஒரு சின்னக் கணினியை நிரந்தரமாக இணைத்து, சேர்த்து வைத்த படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அதில் பார்ப்பது இன்று பெரிய செலவில்லாத காரியம். இதை ஹோம் தியேட்டர் பிசி என்பார்கள். எந்த ஸ்பீக்கர், எத்தனை இன்ச் திரை என்ற பேச்செல்லாம் பிறகு. திருவனந்தபுரத்தில் இதை அமைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இடியைத்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர். கோடை மழையும், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் துலாவர்ஷமும் இங்கே இடியோடுதான் வரும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம், மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டித்து வையுங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாதங்களில் எச்சரிக்கிறது. வீடே கூடி டிவி முன் உட்காரும் நேரமும் அதுவே.

மின்னலின் அதிர்ச்சி கரண்ட் கம்பியில் மட்டும் வருவதில்லை. கேபிள் டிவி வயர் வழியாக டிவிக்குள் நுழைந்து, ஹெச்டிஎம்ஐ வயரைப் பிடித்துக் கணினியையும் எட்டிவிடும். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரும் அப்படித்தான். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் அதே கரண்டில்தான் செருகியிருக்கிறது. வைஃபை வேகம் போதுமென்றால் லேன் வயரே வேண்டாம். சர்ஜ் புரொடெக்டர் வாங்குமுன் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அதனால் பெரிய பயனில்லை. செல்போனிலிருந்து அணைக்கும் ஸ்மார்ட் பிளக்கையும் இதற்கு நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் ரிலேயின் இடைவெளி மிகச் சிறியது, மின்னலின் அழுத்தம் அதைத் தாண்டிவிடும். வானம் கறுக்கும்போதே பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபிறகு அவற்றைத் தொடவே கூடாது.

இப்படி அடிக்கடி பிளக் பிடுங்கப்படும் கணினி எளிமையாக இருக்க வேண்டும். ராஸ்ப்பெரி பை 4 அல்லது 5, இல்லையென்றால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி தாராளம். அதில் லிப்ரெஎலெக் போடச் சொல்வேன். ‘கோடி’ என்ற மீடியா மென்பொருளை ஓட்டுவதற்கென்றே செய்த லினக்ஸ் அது. அதன் இயங்குதளம் படிக்க மட்டுமே முடிகிற ஒரே கோப்பாக இருப்பதால், பாதியில் கரண்ட் போனாலும் கெட்டுப்போவது அரிது. லினக்ஸா என்று தயங்க வேண்டாம். ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் இந்தியச் சகோதர அமைப்பு 2001இல் தொடங்கியதே இந்த ஊரில்தான். பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம் கேரள அரசுப் பள்ளிகளுக்குத் தருவதும் லினக்ஸ்தான். அங்கே படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் உங்களுக்கு ஆசிரியரும் இருக்கிறார்.

மினி பிசியின் பயாஸில், கரண்ட் திரும்பினால் என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும். அதை ‘பவர் ஆன்’ என்று வைத்துவிட்டால் பிளக்கைச் செருகியதும் கணினி எழுந்துகொள்ளும், கோடி திறந்துகொள்ளும். ராஸ்ப்பெரி பைக்கு அது இயல்பு. இடி நேரத்தில் பிளக் கழன்றிருக்கும் என்பதால், பேக்கப், அப்டேட் போன்றவற்றை டைமர் வைத்து விடியற்காலை 3 மணிக்குத் தள்ளுங்கள். இன்வெர்ட்டர் பலவற்றில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் உண்டு. அதைப் போட்டு வைத்தால் கரண்ட் போய் வரும் கணத்தில் கணினி பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆகாது.

இவ்வளவு செய்தும் சோபாவில் கீபோர்டும் மவுஸும் கிடந்தால், வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். டிவியின் ரிமோட்டே கணினியையும் இயக்க வேண்டும். அதற்கான வசதி ஹெச்டிஎம்ஐ வயரிலேயே இருக்கிறது: சிஇசி. சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. டிவி செட்டிங்ஸில் தேடி ஆன் செய்யுங்கள். ராஸ்ப்பெரி பையில் இது அப்படியே வேலை செய்யும். மினி பிசிகள் பெரும்பாலானவற்றில் கிடையாது. தனியாக யூஎஸ்பி சிஇசி அடாப்டர் வாங்க வேண்டும். மினி பிசி வாங்கும் முன்பே சிஇசி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் ராஸ்ப்பெரி பையைத்தான் சொல்வேன்.

படங்களை அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர், அதன் பெயரில் ஆண்டு. மோகன்லால் நடித்த த்ரிஷ்யம் 2013. அதே பெயரில் இந்திப் படம் 2015. ஆண்டு இல்லையென்றால் மலையாளப் படத்துக்கு இந்திப் போஸ்டரைக் கோடி ஒட்டிவிடலாம். தமிழில் பாபநாசம் என்று பெயர் மாறியதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. சப்டைட்டில் கோப்பு யுடிஎஃப்-8இல் இருக்கட்டும். மலையாளமோ தமிழோ கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அந்த மொழி எழுத்துருவைக் கோடியின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டு, சப்டைட்டில் செட்டிங்ஸில் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு செட்டிங்கும் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவியோ 60 ஹெர்ட்ஸில் நிற்கும். ஒரு ஃபிரேமை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்டிச் சமாளிப்பதால், கேமரா மெல்ல நகரும் காட்சிகள் திக்கித் திக்கி ஓடும். கோடியின் பிளேயர் செட்டிங்ஸில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’டை ஆன் செய்தால் படத்துக்கேற்ப டிவி மாறிக்கொள்ளும்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவற்றை இந்தக் கணினியில் ஓட்ட மெனக்கெட வேண்டாம். திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு காரணமாக லினக்ஸுக்கு அவை உயர்ந்த தரத்தில் படம் தருவதில்லை. அவற்றை டிவியின் சொந்த ஆப்பிலேயே பாருங்கள்; சிஇசி இருந்தால் போய்வர அதே ரிமோட் போதும்.