தீவகத்துப் பிள்ளையின் பாடம் எங்கே பதிவாகிறது?

யாழ்ப்பாணத் தீவகத்தில் இணையவழிக் கல்வி என்றால் பேச்சு பெரும்பாலும் கைபேசிக் கோபுரத்தோடும் மின்சாரத்தோடும் முடிந்துவிடுகிறது. கவலை நியாயமானதுதான். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை. இந்திய உதவியுடனான சூரிய, காற்று மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆனால் மின்சாரமும் சிக்னலும் வந்தபிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். பாடம் பாதியில் அறுந்தால், பிள்ளை அதுவரை செய்தது எங்கே போகிறது? அந்தப் பாடம் எந்தத் தொழில்நுட்ப நியமத்தில் கட்டப்பட்டது என்பதே இதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இத்தகைய நியமங்களில் பரவலாகப் புழங்குவது ஸ்கோர்ம் (SCORM). அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஏடிஎல் (ADL) என்ற முன்னெடுப்பில் பிறந்தது. 2001இல் வெளியான அதன் 1.2 பதிப்பை மூடில் போன்ற கற்றல் முகாமைத்துவ அமைப்புகள் இன்றும் ஏற்கின்றன. நமது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் மூடிலில் அமைந்ததே. ஓரிடத்தில் செய்த பாடத்தை ஒரே ஸிப் (zip) கோப்பாக இன்னொரு தளத்தில் ஏற்றலாம் என்பது ஸ்கோர்ம் செய்த பெரிய உபகாரம். ஆனால் புள்ளியும் விட்ட இடமும் உலாவி தளத்தோடு தொடர்பில் இருக்கும்போதே பதிவாகும் என்று வைத்துத்தான் அது எழுதப்பட்டது. விட்ட நிலையிலிருந்து தொடரத் தேவையான தரவைக் குறித்துவைக்க 1.2 பதிப்பு ஒதுக்கியதும் 4,096 எழுத்துக்குறிகள் மட்டுமே. அலுவலக மேசையும் அறுபடாத இணைப்பும் உள்ளவர்களுக்கான விதி. நெடுந்தீவை யார் நினைத்தார்கள்?

2013இல் வந்த எக்ஸ்ஏபிஐ (xAPI) என்ற நியமம் வேறு வழி போனது. யார், என்ன செய்தார், எதில் என்று ஒவ்வொரு செயலையும் சிறு வாக்கியமாக எழுதுகிறது. அந்த வாக்கியம் கைபேசியிலேயே காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் பதிவுக் களஞ்சியத்துக்குப் போகலாம். பிள்ளை படித்த நேரம் படித்த நேரமாகவே நிற்கும். 2023இல் சர்வதேசப் பொறியியலாளர் அமைப்பான ஐஇஇஇ (IEEE) இதைத் தன் நியமங்களில் ஒன்றாக வெளியிட்டது. மூடில் செயலியிலேயே ஸ்கோர்ம் பாடத்தைத் தரவிறக்கி இணைப்பின்றிப் படிக்கலாமே என்று கேட்கலாம். படிக்கலாம். ஆனால் அது செயலி தரும் வசதி, நியமம் தருவதல்ல. தளத்தை மாற்றினால் கூடவே வராது. இன்னும் சிலர், ஆசிரியரே போதாத இடத்தில் இந்தப் பதிவெல்லாம் எதற்கு என்பார்கள். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் பாடசாலையில்தான், எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் தடக்குப்படுகிறது என்று காட்டும் பதிவு அதிகம் தேவை. இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஒவ்வொரு சொடுக்கையும் எழுதத் தெரிந்த நியமம் பிள்ளைகளை வேவு பார்க்கவும் உதவும். எதைப் பதியலாம் என்று எக்ஸ்ஏபிஐ வரம்பு போடவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரம்பை நாம்தான் போட வேண்டும்.

ஆகவே பாடங்களைச் செய்விக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாடம் இணைப்பின்றி ஓட வேண்டும், பதிவுகளைத் திறந்த நியமத்தில் வெளியே எடுக்க முடிய வேண்டும், தேவைக்கு மேல் எதையும் பதியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நெடுந்தீவில் ஒரு சாதாரணக் கைபேசியில் ஓட்டிப் பார்த்தபிறகு பணத்தைக் கொடுங்கள்.