ஃபிளாட்: கதவுக்கு வெளியே இருப்பதும் உங்கள் வீடுதான்

சென்னையில் ஃபிளாட் பார்க்கப் போகும் குடும்பத்தை முதலில் மாதிரி வீட்டுக்குள்தான் அழைத்துப் போவார்கள். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், பளபளக்கும் டைல்ஸ் எல்லாம் கண்ணை நிறைக்கும். இவற்றைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை கதவுக்கு வெளியே இருக்கின்றன: கட்டடம் நிற்கும் நிலம், தண்ணீர் வரும் வழி, மழைநீர் போகும் வழி, குடியிருப்பை நடத்தும் சங்கம். ஃபிளாட்டில் நாம் தனியாக வாங்குவது கொஞ்சம், மற்றவர்களோடு சேர்ந்து வாங்குவதுதான் அதிகம். விசாரணையும் அந்த விகிதத்தில் இருக்க வேண்டும்.

நிலத்தில் தொடங்கலாம். ஃபிளாட் வாங்குபவருக்கு மனையில் ‘பிரிபடாத பாகம்’ ஒன்று எழுதிக் கொடுக்கப்படும். பேச்சு வழக்கில் யுடிஎஸ். இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், ஒரே அளவில் எட்டு வீடுகள் கட்டினால் ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி பாகம் வரும். அதே அளவு வீட்டை இருபது மாடிக் குடியிருப்பில் வாங்கினால் பாகம் இதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும். உங்கள் சொத்தில் மதிப்பு வளர்கிற பகுதி அந்த நிலம்தான். பல ஆண்டுகள் கழித்து இடித்துக் கட்டும் காலம் வரும்போது, யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு யுடிஎஸ்ஸை வைத்தே நடக்கும். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம், 2022 மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று சொல்வதால், இது இனி ஏட்டளவுக் கணக்கு இல்லை.

ஆகவே பில்டரிடம் எல்லா வீடுகளின் யுடிஎஸ் பட்டியலையும் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் மனையின் பரப்புக்குச் சமமாக வர வேண்டும். குறைந்தால் யாரோ ஒரு பங்கைத் தன் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பெரிய குடியிருப்புகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்காகத் தானமாக ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த அந்த இடத்தையும் உங்கள் பாகக் கணக்கில் சேர்த்துக் காட்டக் கூடாது.

அடுத்தது சதுர அடி. விளம்பரத்தில் 1,200 சதுர அடி என்று இருந்தால் அது பெரும்பாலும் சூப்பர் பில்டப். படிக்கட்டு, லிப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த அளவு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, அதாவது ரெரா, கார்ப்பெட் பரப்புக்குத் தெளிவான வரையறை கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் புழங்கும் இடமும் உள்சுவர்களும் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. 1,200 சதுர அடி வீட்டில் கார்ப்பெட் 820 என்று வைத்துக்கொள்வோம். சதுர அடி 7,000 ரூபாய் என்றால் விலை 84 லட்சம். உண்மையில் நீங்கள் புழங்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் கொடுப்பது பத்தாயிரத்துக்கு மேல். இரண்டு குடியிருப்புகளை ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போட்டால்தான் எது மலிவு என்பது தெரியும்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது வக்கீல் பார்க்க வேண்டிய வேலை. தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், பட்டா, திட்ட அனுமதி, நில உரிமையாளர் பில்டருக்குப் பவர் கொடுத்திருந்தால் அந்தப் பவர் பத்திரம், இவை அடிப்படை. வக்கீல் உங்களுடையவராக இருக்கட்டும். பில்டர் அலுவலகம் காட்டும் வக்கீல் வேண்டாம். ‘எல்லா வங்கியும் லோன் கொடுக்கிறது’ என்ற பதாகை உரிமை சுத்தம் என்பதற்குச் சான்று ஆகாது. வங்கி தன் கடனுக்கு எது தேவையோ அதைத்தான் பார்க்கும்.

ஒன்றை மட்டும் நீங்களே நேரில் செய்ய வேண்டும்: அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தின் முன் நின்று மாடிகளை எண்ணுவது. வரைபடத்தில் இல்லாத மாடியில் வீடு வாங்கியவருக்குத் தூக்கம் வராது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலிருந்த இணைக் கட்டடத்தை 2016இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மண் பரிசோதனை, கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பம், பணி முடிப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பது பில்டரை அவமதிப்பது ஆகாது. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடிப் பார்க்கக் காசு இல்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் பில்டரை அனுமதிக்கவில்லை. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் நீங்கள் விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு கேட்கலாம்.

இப்போது கையில் எவ்வளவு வேண்டும் என்பது. கடன் தொகை 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை இருந்தால் வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. 84 லட்ச வீட்டுக்கு 16.8 லட்சம் உங்கள் பங்கு. தமிழ்நாட்டில் புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 2023 டிசம்பரில் வந்த முறைப்படி, 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம் முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து வரும். இங்கே அது 5.88 லட்சம். கட்டி முடியாத வீடு என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 4.2 லட்சம். ஆக மொத்தம் ஏறக்குறைய 27 லட்சம். மின்விசிறி, கிரில், அலமாரி இன்னும் தொடங்கவே இல்லை. பணி முடிப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டி முடித்த வீட்டை வாங்குவது பல குடும்பங்களுக்கு நல்லது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். வாடகையும் தவணையும் ஒரே நேரத்தில் கட்டும் பாரம் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டியது வாங்குபவரின் கடமை. பலர் இதை மறந்து பிறகு அபராதம் கட்டுகிறார்கள்.

இனி தண்ணீர். சென்னையில் ஃபிளாட் வாழ்க்கையின் நிம்மதி பாதி இதில் அடங்கியிருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற குடியிருப்புகளில் விலை உயர்ந்தவையும் இருந்தன. வீட்டைக் காட்ட வருபவரிடம் சம்ப் எங்கே, எத்தனை லிட்டர் கொள்ளும், போர் எத்தனை அடி, மெட்ரோ தண்ணீர் இணைப்பு வந்துவிட்டதா, இல்லை ‘வரப்போகிறதா’ என்று கேளுங்கள். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடம் என்றால், போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள் என்பதைச் சங்கத்தின் கணக்கில் பார்க்கலாம். அந்த ஒரு பக்கம் விளம்பரப் புத்தகம் முழுவதையும்விட அதிகம் சொல்லும். குழாயைத் திறந்து ஒரு வாய் நீரைச் சுவைத்துப் பாருங்கள். உப்பு நீர் என்றால் கீஸர், வாஷிங் மெஷின், குழாய்கள் எல்லாம் வெள்ளை படிந்து சீக்கிரம் பழுதாகும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம், ஆனாலும் குழாய் கிணற்றுக்குப் போகிறதா சாக்கடைக்குப் போகிறதா என்று மாடியிலிருந்து கீழே வரை கண்ணால் தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் போகும் வழியும் அதே அளவு முக்கியம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும், 2023இல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றிய பகுதிகளும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். தரைத்தளம் முழுக்க பார்க்கிங் என்பதால் முதல் மாடி தப்பும், உண்மைதான். ஆனால் மீட்டர் பெட்டி, ஜெனரேட்டர், சம்ப், லிப்ட்டின் குழி எல்லாம் கீழேதான் இருக்கின்றன. சம்புக்குள் சாக்கடை கலந்துவிட்டால் ஐந்தாம் மாடிக்கும் குடிக்க நீர் இல்லை. எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்பதைத் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடமும் பக்கத்துக் கட்டட வாட்ச்மேனிடமும் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். முடிந்தால் நவம்பரில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள்.

வெயிலுக்கும் இதே போல ஒரு பார்வை வேண்டும். மேற்குச் சுவரில் படுக்கையறை இருந்தால் இரவு பத்து மணிக்கும் சுவர் அனலாக இருக்கும். மொட்டை மாடிக்கு நேர்கீழ் வீடு என்றால் மேலே கூலிங் டைல்ஸ் பதித்திருக்கிறார்களா, அதைப் பழுது பார்க்கும் செலவு யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏசி கட்டணமாக ஒவ்வொரு கோடையிலும் இது உங்களிடம் திரும்பி வரும்.

குடிவந்த பிறகு அண்டை வீட்டாரோடு வரும் சண்டைகளில் ஒழுகலும் பார்க்கிங்கும் முன்னே நிற்கும். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து உங்கள் கூரையில் ஈரம் தெரிந்தால் முதலில் கோபப்படாமல் பிளம்பரை இரண்டு வீட்டுக்கும் அழைத்துப் போங்கள். ஒரு வீட்டுக்குள் ஓடும் குழாய் என்றால் அந்த வீட்டார் செலவு, எல்லா வீட்டுக்கும் பொதுவாக இறங்கும் குழாய் என்றால் சங்கத்தின் செலவு. இதைச் சங்கத்தின் விதிகளில் முன்பே எழுதிவைத்த குடியிருப்புகளில் இந்தச் சண்டை பெரும்பாலும் வருவதில்லை. கட்டடம் புதிது என்றால் இன்னொரு வழியும் உண்டு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளைத் தெரிவித்த 30 நாளுக்குள் செலவு வாங்காமல் பில்டர் சரிசெய்ய வேண்டும் என்று ரெரா சொல்கிறது. வாய்ப்பேச்சாக நிறுத்தாமல் படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள்.

பார்க்கிங் பற்றி 2010இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: திறந்தவெளி, ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனிச் சொத்தாக விற்க முடியாது. ஆனாலும் நடைமுறையில் இடம் ஒதுக்கித்தான் தருவார்கள். உங்களுக்கு ஒதுக்கிய இடத்தின் எண், நீளம், அகலம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் வண்டிக் கதவைத் திறக்க முடிகிறதா என்று ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

கடைசியாகச் சங்கம். இதைத்தான் மக்கள் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள் என்பது என் வருத்தம். குடியிருப்பு நன்றாக இருப்பதும் பத்தே ஆண்டில் பாழடைவதும் சங்கம் நடக்கும் விதத்தில் இருக்கிறது. லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு, காவலாளிகளின் சம்பளம் எல்லாம் மாதப் பராமரிப்புத் தொகையில்தான் ஓடுகின்றன. அதைக் குறைவாக வைத்து மகிழும் குடியிருப்பில் வெளிச்சுவர் வெள்ளையடிக்கும் ஆண்டு வந்ததும் ஆளுக்குப் பெருந்தொகை கேட்பார்கள், பாதிப் பேர் தரமாட்டார்கள். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனி வைப்பில் போட்டுவரும் சங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரிய பராமரிப்புச் செலவுகளுக்கென்று பில்டர் வசூலித்த கார்ப்பஸ் தொகை சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டதா, குழாய், மின்கம்பி வரைபடங்களை ஒப்படைத்தாரா என்பதையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிட வேண்டும். ஆண்டுகள் கடந்தால் கேட்கவும் ஆள் இருக்காது, பதில் சொல்லவும் ஆள் இருக்காது.

வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருந்தாலும் சரி, ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பொதுக்குழுவுக்கு வாருங்கள். வரவுசெலவுத் தாளை வாங்கிப் படியுங்கள். செயலாளர் பொறுப்பைச் சம்பளமில்லாமல் சுமக்கும் அந்த ஒருவரிடமிருந்து ஒரு வேலையையாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.