படத்தின் மாசும் தோலின் குறியும்



கல்முனை தொடங்கிச் சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தெற்கே நீளும் நமது கரையோரத்தில் வெம்மையும் ஈரமும் ஆண்டின் பெரும்பகுதி குடிகொண்டிருக்கின்றன. வயலில் உழைப்போர்க்கும் கடலில் தொழில் புரிவோர்க்கும் முதுகிலும் மார்பிலும் தேமல் படர்வது புதுமையன்று. அதனை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. ஆனால், தேமலைப் போலவே நிறம் வெளிறித் தோன்றும் வேறொரு திட்டும் உண்டு. அது தொழுநோயின் தொடக்கக் குறி. தேமல் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். தொழுநோயோ நரம்பைப் பற்றும். காலந்தாழ்த்தினால் விரல்கள் மடங்கும். பாதம் மரத்துப் புண்ணாகும்.

இலங்கை 1995ஆம் ஆண்டில் தொழுநோயாளர் தொகையைப் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் கீழே கொணர்ந்தது. எனினும் நோய் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். கிழக்கு மாகாணம் இதற்கு விலக்கன்று. ஆகவே, கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டு, இது தேமலா, தொழுநோயா என்று கணினி பிரித்தறிய உதவுமாயின் அது சிறிய நன்மையன்று. அவ்வாறு பிரித்தறிவதற்கு முன்னர் படத்தைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பர் அத்துறை வல்லார். அந்தத் துப்புரவைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கணினி நம்மைப் போலப் படத்தைப் பார்ப்பதில்லை. அதற்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் பெரும்பாலும் 0 முதல் 255 வரை. நம் கண் ஒரு கையின் படத்தைக் கண்டால் முடியை முடியென்றும், நிழலை நிழலென்றும் தானாகவே ஒதுக்கிவிடுகின்றது. கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. தோலின்மேல் பூசிய தேங்காயெண்ணெயின் பளபளப்பும், மஞ்சள் விளக்கின் சாயலும், மணமகளின் கையிலுள்ள மருதோன்றிச் சிவப்பும், நோயின் திட்டும் அதற்கு ஒரே தன்மையான எண்களே.

இதனால் விளையக்கூடிய தவறு எத்தகையது என்பதை ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகர ஆய்வாளர் 2019இல் காட்டினர். மச்சங்களைப் பார்த்து அவை தோற்புற்றா அல்லவா எனச் சொல்லும் கணினியொன்றை அவர்கள் சோதித்தனர். தீங்கற்ற மச்சங்களுள் ஏறத்தாழ 84 விழுக்காட்டை அது சரியாகவே தீங்கற்றவை என்றது. பின்னர், அறுவை மருத்துவர் இடுவது போன்ற ஊதா மைக்குறியை அம்மச்சங்களின் அருகே இட்டுப் படமெடுத்தனர். இப்போது 46 விழுக்காட்டையே சரியாகச் சொல்லிற்று. மச்சம் மாறவில்லை, மை மாத்திரமே வந்து சேர்ந்தது. மைக்குறி அகலும்படி படத்தின் ஓரங்களை வெட்டியபோது கணினியின் தீர்ப்புப் பெருமளவு சீர்ப்பட்டது. துப்புரவு வீண்வேலை அன்று என்பதற்கு இது போதும்.

முடியை நீக்கும் முறை இவற்றுள் மிகச் சுவையானது. கனடாவின் வன்கூவர் நகரில் லீ என்பாரும் அவர்தம் தோழரும் 1997இல் ‘டல்ரேசர்’ என்னும் முறையை வெளியிட்டனர். மழுங்கிய சவரக்கத்தி என்று பொருள்படும் அப்பெயரில் ஒரு நகைச்சுவை இருக்கின்றது; அது மயிரை உண்மையாக மழிப்பதன்று அல்லவா? படத்திலே சுற்றுப்புறத்தைவிடக் கருமையான புள்ளிகளை அது முதலில் தேடும். அவை நீண்டும் மெலிந்தும் ஒரு கோடுபோல் அமைந்திருக்கின்றனவா என்று பார்க்கும். அமைந்திருந்தால் முடியெனக் கொள்ளும். இல்லையேல் தொடாது விடும். பிறகு அந்தக் கோட்டின் இருமருங்கிலும் உள்ள தோலின் நிறத்தை எடுத்து, இடைவெளியை நிரப்பி, ஓரங்களை மென்மையாக்கும். மருதமுனைத் தறியில் இழையறுந்த இடத்தை நெசவாளர் இருபுறத்து நிறத்துக்கும் ஒத்த நூலால் இணைப்பதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். ஒரு வேற்றுமை உண்டு. நெசவாளர் அங்கே என்ன நிறம் இருந்தது என்பதை அறிவார். கணினி ஊகிக்கின்றது.

இம்முறை, தோற்புற்று மிகுதியாகக் காணும் வெண்ணிறத் தோலுடைய மக்களின் மச்சங்களுக்கெனப் பிறந்தது. வெண்தோலில் கருமுடி எளிதில் தெரியும். நம்மவர் தோலிலோ முடிக்கும் தோலுக்கும் உள்ள நிற இடைவெளி குறுகியது. சில முடிகள் தப்பிவிடும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தொழுநோய்த் திட்டில் முடி அருகிப்போதலும் தோல் வறண்டு காணுதலும் நோயின் அடையாளங்களாகும். சுற்றிலும் முடியிருக்க, நடுவே முடியற்ற ஒரு வட்டம் இருப்பின், மருத்துவர் அதனைக் கண்டவுடன் ஐயுறுவார். கணினியோ படம் முழுவதிலும் முடியை நீக்கிவிட்டால் அவ்வட்டம் எங்கே? மாசு என்று எண்ணிக் களைந்தது சான்றாக இருந்துவிடுகின்றது. மச்சத்துக்கு நல்ல முறை தொழுநோய்க்குத் தீங்காவது இவ்வாறுதான்.

ஒளியைச் செம்மைப்படுத்தும் போதும் இதே சிக்கல் தலைகாட்டுகின்றது. படத்தின் எல்லா நிறங்களையும் சராசரி பார்த்தால் சாம்பல் நிறமே வரவேண்டும் என்பது ஒரு பழைய கொள்கை. படம் சிவந்திருந்தால் சிவப்பைக் குறைப்பார்கள். கடற்கரைக் காட்சிக்கு அது பொருந்தலாம். சட்டம் முழுவதும் ஒரு முதுகே நிறைந்திருக்கும் படத்துக்கு எவ்வாறு பொருந்தும்? அங்கே சராசரி தோலின் கபில நிறமே. அதைச் சாம்பலாக்கினால் தோலும் திட்டும் ஒருங்கே நிறம் திரிந்துபோம். இன்னொரு முறை, படத்தில் மெல்ல மெல்ல மாறும் ஒளிவேறுபாட்டை நிழலெனக் கொண்டு அழிப்பது. தொழுநோயின் தொடக்கத் திட்டு பலருக்கு எல்லை தெளிவின்றி மெல்ல மெல்ல வெளிறுவதாகவே தோன்றும். நிழலைத் துடைக்கப் புகுந்த கை நோயையும் துடைத்துவிடக் கூடும்.

கணினிக்குப் பயிற்சியளித்த படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2022இல் பல நிறத் தோல்களின் 656 படங்களைத் தொகுத்து, அக்காலத்துச் சிறந்த கணினி முறைகள் சிலவற்றைச் சோதித்தபோது, கருநிறத் தோலில் அவற்றின் திறன் குறைந்தே காணப்பட்டது. எத்துணை துலக்கினும் இக்குறை நீங்காது. நம்மவர் தோலின் படங்கள் சேர்ந்தாலன்றி அதற்கு வழியில்லை.

ஆகவே, படம் எடுத்தபின் செய்யும் துப்புரவிலும் எடுக்குமுன் செய்யும் துப்புரவே மேலானது என்பது என் கருத்து. எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெயில் நேரே படாத பகலொளியில், மின்னொளி தெறிக்காமல் எடுத்த படத்திற் களைய வேண்டியது மிகச் சிறிது. ஓரத்தில் சாம்பல் நிற அட்டையொன்றை வைத்தால், ஒளியின் சாயல் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அட்டையே சொல்லிவிடும். உடலின் மறுபுறத்தையும் எடுத்தால் ஒப்பிடலாம். துலக்கிய படத்தோடு துலக்காத மூலப்படமும் பேணப்படல் வேண்டும். ஐயம் எழும்போது மருத்துவர் பார்க்க வேண்டியது மூலத்தையே.

முகமும் நகையும் தெரியாதவாறு ஓரங்களை வெட்டுவது கணினிக்கு மாத்திரமல்ல, படத்துக்குரியவரின் மானத்துக்கும் உகந்தது. நமது ஊர்களில் ஒரு பெண் தன் முதுகிலுள்ள திட்டைப் பிறருக்குக் காட்டத் தயங்குவதால் இழக்கப்படும் காலம் கொஞ்சமல்ல. அப்படம் யார் கைக்குச் செல்கின்றது, எங்கே வைக்கப்படுகின்றது என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். பெண் மருத்துவ உத்தியோகத்தர் ஒருவர் படமெடுப்பாராயின் பாதித் தயக்கம் அப்போதே தீரும்.

இத்தனைக்குப் பின்னும் படத்தில் அகப்படாதது ஒன்று உண்டு. அது மரத்துப்போன தன்மை. பிரேசில் நாட்டில் 2022இல் வெளியான ஆய்வொன்றில், 222 பேரின் 1229 படங்களைக் கணினிக்கு அளித்தனர். படங்களோடு நிறுத்தாமல், திட்டில் சூடு உணரப்படுகின்றதா என்பது போன்ற விவரங்களையும் சேர்த்தே அளித்தனர். தொழுநோயைப் பிற தோல் நோய்களினின்று பிரிப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு சரியான விடை கிடைத்தது. ஆஸ்பத்திரியிலே மருத்துவர் செய்வது இதனினும் எளிது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் திட்டை மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலாற் காட்டச் சொல்வார். தேமலில் தொடுகை தெரியும். தொழுநோய்த் திட்டிற் பெரும்பாலும் தெரியாது. தெரியாவிடின் மருந்து உண்டு. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொள்ள வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் அது இலவசமாகவே வழங்கப்படுகின்றது.