உங்களுக்குத் தெரியுமா? – அங்கி அணிந்த பெல்மோந்தோ

பாதிரியார் ஒருவரைச் சீண்டிப் பார்க்கவேண்டும். அதற்காகவே தேவாலயத்துக்குள் நுழைகிறாள் பார்னி. அவள் கம்யூனிஸ்ட், யூதரான கணவரைப் போரில் பறிகொடுத்தவள். எந்தப் பாதிரியாரிடம் போவது? எழுதிவைத்திருந்த பெயர்களில் ‘மொரேன்’ என்பது உழவர் குடும்பத்துப் பெயர்போலத் தெரிய, அவரிடமே பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிடுகிறாள். மதத்தை அபினோடு ஒப்பிட்ட மார்க்ஸின் வாசகத்தை எடுத்துவிடுகிறாள். மனிதர் கோபப்படவே இல்லை. நிதானமாகப் பதில் சொல்லி, படிக்கப் புத்தகம் தருகிறேன், வந்து வாங்கிக்கொள் என்கிறார். வினை அங்கேதான் ஆரம்பம். 1961-ல் வந்த ‘லெயோன் மொரேன், பாதிரியார்’ என்ற பிரெஞ்சுப் படத்தின் தொடக்கம் இது.

✦

இவ்வளவு ஆழமாக விசுவாசம் பேசும் படத்தை எடுத்த ழான் பியேர் மெல்வில் ஒரு நாத்திகர். யூதக் குடும்பத்தில் 1917-ல் பிறந்தவர். இயற்பெயர் குரும்பாக். நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தபோது, ‘மோபி டிக்’ நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் மீதிருந்த பற்றால் அந்தப் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். போர் முடிந்தும் அதுவே நிலைத்துவிட்டது. அவருடைய அண்ணன் ஜாக் 1942-ல் பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குப் போக முயன்றபோது கொல்லப்பட்டார்.

✦

படத்தின் மூலக்கதை பியாட்ரிக்ஸ் பெக் எழுதிய நாவல். 1952-ல் பிரான்ஸின் பெருமைக்குரிய கோன்கூர் பரிசை வாங்கியது. பெக்கின் கணவரும் யூதர்தான், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர், 1940-ல் இறந்துபோனார். கையில் ஒரு மகள். பார்னியின் வாழ்க்கை எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எழுத்தாளர் ஆந்த்ரே ழீதின் கடைசிக் காலத்தில் அவருக்குச் செயலாளராக இருந்தவரும் இதே பெக்தான்.

✦

படம் தொடங்கும்போது ஆல்ப்ஸ் மலையடிவார ஊருக்குள் அணிவகுப்பது ஜெர்மன் படை இல்லை, தொப்பியில் இறகு செருகிய இத்தாலியப் படை. இது கற்பனை அல்ல. கிரெனோபிள் உள்ளிட்ட தென்கிழக்கு பிரான்ஸ் 1942 நவம்பர் முதல் 1943 செப்டம்பர் வரை இத்தாலியர் வசம்தான் இருந்தது. ஜெர்மானியர்கள் பிறகுதான் வந்தார்கள். யூதர்களைத் தேடிய வேட்டையும் அப்போதுதான் கடுமையானது. யூத ரத்தம் கலந்த பிள்ளைகளைக் காப்பாற்ற அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்கும் காட்சியின் பதற்றம் இந்தப் பின்னணி தெரிந்தால்தான் உறைக்கும்.

✦

பாதிரியாராக நடித்தவர் யார்? ஒரு வருடம் முன்புதான் கோதாரின் ‘பிரெத்லெஸ்’ படத்தில் போலீஸைச் சுட்டுவிட்டுத் திரிந்த ழான் பால் பெல்மோந்தோ! பாதிரி வேடம் தனக்கு எடுபடாது என்று அவரே தயங்கினார். மெல்வில்தான் விடாமல் பேசி இழுத்துவந்தார். தயாரிப்பாளர் ஜோர்ஜ் த போர்கார், இசையமைப்பாளர் மார்சியால் சொலால் இருவரும் ‘பிரெத்லெஸ்’ ஆட்களே. அந்தப் படத்தில் விமான நிலையத்தில் பேட்டி கொடுக்கும் கறுப்புக் கண்ணாடி எழுத்தாளர் நினைவிருக்கிறதா? அவர் சாட்சாத் மெல்வில்தான்.

✦

சரி, பாதிரியார்மீது பார்னிக்கு எழும் அந்த விலக்கப்பட்ட ஈர்ப்பு? இந்தப் படத்தின் உச்சம் ஒரு கோடரியில் இருக்கிறது. பார்னி வீட்டுக்கு வந்த மொரேன் அவளுக்காக விறகு பிளக்கிறார். நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடிய புராட்டஸ்டன்ட் போதகராக இருந்தால் என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுகிறாள். அதற்கென்ன என்பதுபோல விளையாட்டாகப் பதில் வருகிறது. அவள் விடவில்லை. கோடரி ஓங்கிக் கட்டையில் இறங்குகிறது. மனிதர் விருட்டென்று வெளியேறிவிடுகிறார். தொடுகை இல்லை, வசனம் இல்லை, பின்னணியில் வயலின் அழுகை இல்லை. அவருக்கும் உள்ளுக்குள் ஏதாவது இருந்ததா? மெல்விலைக் கேட்டால், மொரேன் ஒரு டான் ஹுவான், பெண்களைக் கிறங்கவைத்து விலகி நிற்பவர் என்பார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கிறங்கவைப்பவனுக்குக் கோடரியை அப்படி இறக்கும் அவசியம் என்ன?

✦

மெல்வில் முதலில் தொகுத்த வடிவம் 3 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அதைச் சுமார் 2 மணி நேரத்துக்கு வெட்டியவரும் அவரே. போர்க்கால ஊர்க்காட்சிகள் நிறையப் போயின. பாதிரியாரும் பார்னியும் மிஞ்சினார்கள். கறாரான ஆள்!

✦

இந்தப் படத்தில் உதவி இயக்குநர்களாக ஓடியாடிய இரண்டு இளைஞர்கள்: ஃபோல்கர் ஷ்லோண்டார்ஃப், பெர்த்ரான் தவெர்னியே. முன்னவர் ‘தி டின் டிரம்’ படத்துக்காக 1979-ல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்றார். பின்னவரும் பிரான்ஸின் முன்னணி இயக்குநர்களில் ஒருவரானார்.

✦

பார்னியின் மகளாக இரு சிறுமிகள் நடித்தார்கள். அவர்களில் ஒருத்தி பத்ரீசியா கோஸி. அடுத்த ஆண்டே அவள் நடித்த ‘சண்டேஸ் அண்ட் சிபெல்’ சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரைத் தட்டிச்சென்றது.

✦

பார்னியாக வாழ்ந்த இம்மானுவேல் ரிவா, ‘அமூர்’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது அவருக்கு வயது 85. 2013-ல் விழா நடந்த பிப்ரவரி 24 அன்று அவருக்கு 86-வது பிறந்தநாள். விருது என்னவோ ஜெனிஃபர் லாரன்ஸுக்குப் போனது.

✦

இதே நாவலை 1991-ல் தொலைக்காட்சிக்காகவும், 2017-ல் ‘லா கொன்ஃபெசியோன்’ என்ற பெயரில் ரோமான் துரிஸை வைத்தும் மறுபடி எடுத்தார்கள். முதன்முதலாகப் பார்க்கப்போகிறவர்கள் 1961-ன் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்தே தொடங்குங்கள். சண்டைக் காட்சி எதிர்பார்க்காதீர்கள். பேச்சு நிறைய இருக்கும்.