ஒரே ஊர், இரண்டு கணக்குகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பொதுப்பள்ளி இடம் ஒதுக்கிய முறை 2005 வரை பெற்றோரைச் சூதாட வைத்தது. வேண்டிய பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதித் தரவேண்டும். ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதலிடத்தில் எழுதியவர்களுக்கே முதலில் இடம் தரும். போட்டி மிகுந்த பள்ளியை முதலில் எழுதிக் கிடைக்காமல் போனால், இரண்டாவது பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, கிடைக்கக்கூடிய பள்ளியை முதலில் எழுதினார்கள். தெரியாதவர்கள் மனதிலிருந்ததை அப்படியே எழுதி ஏமாந்தார்கள். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிப் பட்டியல் நிரப்பிய நம்மூர் வீடுகளுக்கு இந்தப் பதற்றம் புரியும்.

இதற்கு மருந்தை டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962இலேயே எழுதி வைத்திருந்தார்கள். பள்ளி யாருக்கும் இடத்தை உடனே உறுதி செய்யாது, தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். கூடுதல் முன்னுரிமை உள்ள பிள்ளை பிறகு வந்தால் முன்னவரை விடுவிக்கும். அவர் தன் பட்டியலில் அடுத்த பள்ளிக்குப் போவார். இந்த நகர்வு நின்ற பிறகே எல்லாம் உறுதியாகும். ஆசைப்பட்ட வரிசையை அப்படியே எழுதியவருக்கு இதில் நஷ்டம் வராது. ஆல்வின் ராத் முதலான பொருளியலாளர்களின் யோசனையைக் கேட்டு பாஸ்டன் 2005இல் இம்முறைக்கு மாறியது. அதற்குச் சற்று முன்பே மாறியிருந்த நியூயார்க்கில், கேட்காத பள்ளியில் போடப்பட்ட மாணவர்கள் சுமார் 30,000 பேரிலிருந்து 3,000 அளவுக்குக் குறைந்தார்கள். நல்ல பள்ளிகளே குறைவென்றால் இடம் ஒதுக்கும் கணினி என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒன்றும் செய்யாது, இருக்கிற இடத்தைத்தான் பங்கிடும். ஆனால் பங்கீட்டில் தந்திரத்துக்கு இருந்த மரியாதை போனது, அது சிறிய காரியமல்ல.

அதே பாஸ்டன் 2017இல் பள்ளி மணியைத் திருத்தப் புறப்பட்டது. வளரிளம் பிள்ளைகளுக்குக் காலைத் தூக்கம் தேவை, 8.30க்கு முன் வகுப்பு வேண்டாம் என்பது 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்ன அறிவுரை. ஆனால் ஒரே பேருந்து காலையில் பல பள்ளிகளுக்கு ஓடுகிறது. பெரிய பிள்ளைகளின் மணியைத் தள்ளினால் சிறு பிள்ளைகளின் மணி முன்னே வரும். எம்ஐடி ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைக் கணினியில் அவிழ்த்தார்கள். டிசம்பரில் வெளியான அட்டவணையில் பல தொடக்கப்பள்ளிகளுக்கு 7.15 மணி! பிள்ளைகள் மதியமே வீடு திரும்பினால் வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்? ஊர் கொதித்தது.

எதிர்த்தவர்களில் பலர் பழைய வசதியை இழக்க மனமில்லாதவர்கள், எல்லோரையும் கேட்டால் எதுவும் மாறாது என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லலாம். ஓரளவு உண்மைதான். கூட்டங்களும் கருத்துக்கேட்பும்கூட முன்பே நடந்தன. ஆனால் தன் பள்ளிக்கு எத்தனை மணி என்பது முடிவு வந்த பிறகே வீடுகளுக்குத் தெரிந்தது. பள்ளி இடம் ஒதுக்கியதில் எந்தப் பள்ளி உசத்தி என்று கணினி தீர்மானிக்கவில்லை. அது அவரவர் பட்டியலில் இருந்தது. மணி விஷயத்திலோ ஒருவர் தூக்கத்துக்கு இன்னொருவர் மதியம் எவ்வளவு ஈடு என்பதை அதிகாரிகள் முன்கூட்டியே எடைபோட்டுவிட்டார்கள். எம்ஐடி ஆய்வாளர்களின் நிரலோ, எடையை மாற்றி மாற்றிப் பல அட்டவணைகளைப் போட்டுக் காட்டக்கூடிய கருவி. அதை வைத்துக்கொண்டு ஒரே அட்டவணையை நீட்டியதுதான் பிழை. அந்த டிசம்பர் முடிவதற்குள் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. மேல்நிலை மாணவர்கள் பழைய மணிக்கே எழுந்து போனார்கள்.