நஞ்சை விட்டால் மட்டும் போதுமா? புற்றுநோயும் உழவர் உடலுழைப்பும்

இயற்கை வேளாண்மைக் கூட்டம் எதுவானாலும், யாராவது ஒருவர் எழுந்து, "உரமும் பூச்சிமருந்தும் வந்த பிறகுதாங்க ஊருக்கு ஊர் கேன்சர்" என்று பேசுவார். கைதட்டலும் விழும். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மையும் அதற்குள் அடங்கிவிடவில்லை. மிச்சத்தைப் பேசாமல் விடுவதால் நமக்குத்தான் நட்டம். "நான் 10 வருசமா மருந்தே அடிக்கலை, எனக்கெல்லாம் அது வராது" என்று நம்பி, வாயில் ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் நம் நடுவிலும் இருக்கிறார்கள்.

வங்கியில் இருந்த பழக்கம், எதையும் கணக்காகப் பார்க்கத் தோன்றுகிறது. புற்றுநோயையும் அப்படிப் பார்ப்போம். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு? அதில் நம் கையில் இருப்பது எவ்வளவு?

காரணங்களின் வரிசை

புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீதியில் வயது, பரம்பரை, செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை எல்லாம் சேரும். அவற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. தடுக்கக்கூடியதில் முதல் இடம் புகையிலைக்கு. பீடி, சிகரெட் மட்டும் இல்லை. களை எடுக்கும்போது வாயில் அடக்கிக்கொள்ளும் வெற்றிலை பாக்கும் புகையிலையும் இதில் சேர்த்தி. புகையிலை இல்லாத வெறும் பாக்கே வாய்ப்புற்று உண்டாக்கும் என்று 2003-லேயே ஆராய்ந்து முடிவு சொல்லிவிட்டார்கள். அடுத்து கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ் போன்ற தொற்றுகள். பிறகு சாராயம். பிறகு உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, காற்று மாசு, அடுப்புப் புகை.

பூச்சிக்கொல்லிக்கும் இந்த வரிசையில் இடம் உண்டு. லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் லிண்டேனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே உறுதிப்படுத்தியது. நம் அப்பாக்கள் வெறுங்கையால் தூவிய பி.எச்.சி. பொடி ஞாபகம் இருக்கிறதா? அதில் இருந்த சரக்குதான் லிண்டேன். அந்தப் பொடியை இந்தியா 1997-ல் தடை செய்தது. கிளைபோசேட், மாலத்தியான், டி.டி.டி. மூன்றையும் அதே முகமை "உண்டாக்கக்கூடும்" என்ற அடுத்த பட்டியலில் வைத்திருக்கிறது.

இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிக்கும் உழவர்களையும் அவர்கள் துணைவர்களையும், ஏறக்குறைய 89 ஆயிரம் பேரை, 1993 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மொத்தப் புற்றுநோய் அவர்களுக்கு ஊர் மக்களைவிடக் குறைவு. ஆனால் விந்துப்பை அருகே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் புற்று, நிணநீர்ப் புற்றில் சில வகை, இரத்தப் புற்றில் சில வகை அதிகம். குறைவுக்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுபவை இரண்டு: அவர்கள் புகைப்பது குறைவு, உடலுழைப்பு அதிகம். அதிகமானதில் பூச்சிக்கொல்லிக்குத் தொடர்பு இருப்பதாகப் பல முடிவுகள் வந்திருக்கின்றன. அதாவது, உழைப்பு ஒரு பக்கம் காப்பாற்றுகிறது, நஞ்சு இன்னொரு பக்கம் கெடுக்கிறது.

நஞ்சில்லா உணவைச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறையுமா? பிரான்சில் சுமார் 69 ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2018-ல் 25 விழுக்காடு குறைவு என்றது. இங்கிலாந்தில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு, 2014-ல் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை என்றது. நாம் இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி விளைபொருளை விற்கக்கூடாது.

சென்னைப் பதிவேடு காட்டும் மாற்றம்

நான் குடியிருப்பது மேனாம்பேடு. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் அது வருவதற்கு முன் சுற்று வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் நெல்லும் இருந்தன. உழவர் வீட்டுப் பிள்ளைகள் லேத் பட்டறைக்குப் போனார்கள். அங்கேயும் எட்டு மணி நேரம் நின்று, குனிந்து, தூக்கித்தான் வேலை. இன்று அதே தொழிற்பேட்டையில் கண்ணாடிக் கட்டடங்கள். பட்டறைக்காரர் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். இரண்டே தலைமுறையில் உடம்பின் வேலை போய்விட்டது.

இந்த மாற்றம் புற்றுநோய்க் கணக்கிலும் தெரிகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 1982 முதல் சென்னை நகரத்துக்கான பதிவேடு இருக்கிறது. 1980-களில் சென்னைப் பெண்களுக்கு அதிகம் வந்தது கருப்பைவாய்ப் புற்று. அது படிப்படியாகக் குறைந்தது, மார்பகப் புற்று ஏறி முதலிடத்துக்கு வந்துவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களுக்காக அம்பிளிக்கையில் எடுத்த பதிவேட்டில் அப்போதும் கருப்பைவாய்ப் புற்றுதான் முதலிடம்.

மார்பகப் புற்று நகரத்தில் ஏறியதற்குத் தாமதமான பிள்ளைப்பேறு, குறைந்த பிள்ளைகள், குறைந்த தாய்ப்பால் எனப் பல காரணங்கள் உண்டு. கூடும் எடையும் குறையும் உழைப்பும் அவற்றில் இரண்டு. நம் கையில் இருப்பவை பெரும்பாலும் அந்த இரண்டுதான்.

உடம்பு அசைந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

தசை வேலை செய்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது இழுத்துக்கொள்கிறது. கணையம் அளவுக்கு மீறி இன்சுலின் சுரக்க வேண்டியதில்லை. இன்சுலின் எப்போதும் மிகுந்தே இருந்தால், "வளர், வளர்" என்று செல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். பயிருக்கு யூரியா அளவு மீறினால் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியுமே! மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்பிலிருந்து உண்டாகிறது. கொழுப்பு குறைந்தால் மார்பகம், கருப்பை இரண்டுக்கும் ஆபத்து குறையும். உழைக்கிற உடம்பில் உள்வீக்கம் தணிகிறது, குடலும் சோம்பிக் கிடப்பதில்லை.

அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த 14 லட்சத்து 40 ஆயிரம் பேரின் விவரங்களைச் சேர்த்து 2016-ல் பார்த்தார்கள். 26 வகைப் புற்றுகளில் 13 வகை, உடலை நன்றாக அசைப்பவர்களுக்குக் குறைவாக இருந்தது. பெருங்குடல் புற்று 16 விழுக்காடு, மார்பகப் புற்று 10 விழுக்காடு குறைவு. சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் செலவில்லாமல் கிடைக்கிற குறைவு இது.

நோய் வந்தவர்களுக்கும் இது உதவுகிறது. பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று ஆண்டுகள் ஆள் வைத்து உடற்பயிற்சி பழக்கினார்கள். மீதிப் பேருக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். 8 ஆண்டு கழித்துப் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேரும், மற்றவர்களில் 83 பேரும் உயிரோடு இருந்தார்கள். 2025-ல் வந்த முடிவு இது. கவனியுங்கள்: சிகிச்சையை முடித்த பிறகுதான் பயிற்சி. சிகிச்சைக்குப் பதிலாக இல்லை. முள்சீத்தாவையும் வேப்பிலையையும் நம்பி ஆஸ்பத்திரியைக் கைவிடுகிறவர்கள், குணமாகக்கூடிய காலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

வயல் வேலையே போதாதா?

"நாங்க விவசாயிங்க, எங்களுக்கு எதுக்குங்க வாக்கிங்?" என்று கேட்கலாம். முன்பு கேட்டிருந்தால் சரி. வேளாண் கடன் பிரிவில் இருந்தபோது டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் சொட்டுநீருக்கும் எத்தனையோ கடன் மனுக்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆள் கிடைக்காத காலம் இது. ஆனால் இன்று உழவு டிராக்டரில், அறுவடை மிஷினில். மோட்டாரைக் கைபேசியிலேயே போடலாம். வரப்பு வரைக்கும் டூவீலர். நடவுக்கும் களைக்கும் குனிவது பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்கள். நில உரிமையாளர் டீக்கடை பெஞ்சில்.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. ஒற்றை நாற்று நடவில் கோனோவீடர் ஓட்டுவது அதற்கும் மேல். மக்கு உரம் புரட்டுவது, மண்வெட்டியால் வரப்பு கழிப்பது, தழை வெட்டிச் சுமப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஊத்துக்கோட்டைப் பக்கம் எனக்குள்ள மூன்று ஏக்கரில் நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு: வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடப்பது, உரக்குழி வேலையைக் கூலிக்கு விடாமல் நானே செய்வது. வேலையில்லாத கோடையில்தான் நடைப்பயிற்சி கட்டாயமாகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. புகையிலை, பாக்கு, சாராயம் மூன்றையும் விடுவது. நஞ்சில்லா அரிசி தின்று பீடி குடித்தால் கணக்கு நேராகாது.

2. நிலக்கடலையை நன்றாகக் காய வைப்பது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் உண்டாகும். அது கல்லீரல் புற்றுக்கு உறுதியான காரணம். இயற்கை விளைச்சல் என்பதற்காக அது விட்டுவைக்காது. காயை ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பூத்த, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறியாமல் செக்குக்கு அனுப்பாதீர்கள். செக்கில் ஆட்டினாலும் அந்த நஞ்சு எண்ணெயில் இருக்கும்.

3. பக்கத்து நிலத்தில் மருந்து அடிக்கிறார்களா, காற்றடிக்கும் திசையில் நிற்காதீர்கள். அடிக்கும் கூலிக்காரர் உடம்பும் உடம்புதான். முகமூடி, கையுறை கேட்டு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

4. விறகடுப்பு என்றால் புகைபோக்கி வையுங்கள்.

5. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனை அங்கே இலவசம். வீட்டுப் பெண்கள் தாமே கேட்க மாட்டார்கள், நாம்தான் அழைத்துப் போக வேண்டும்.

மண்ணுக்கு நஞ்சு வேண்டாம் என்று முடிவெடுக்க நமக்குத் துணிச்சல் இருந்தது. உடம்பைக் கொஞ்சம் அசைக்கவும், வாயிலிருக்கும் புகையிலையைத் துப்பவும் அந்தத் துணிச்சலில் கால்வாசி போதும். அடுத்த மாதக் கூட்டத்தில் மருந்தைப் பற்றிப் பேசி முடித்ததும், இதையும் யாராவது எழுந்து பேசுங்கள்.